கடைசி இடத்து என்.பி.ஏ. அணி உங்கள் கைக்கு வந்தால்: டிராஃப்ட் பிக் முதல் மூத்த வீரர் வரை

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் விதிகளை அப்படியே பின்பற்றி, ஆளுக்கு ஓர் அணியை நடத்தி விளையாடும் நிர்வாக லீகுகளில் புதிதாகச் சேருபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி இடத்து அணிதான். நல்ல அணியை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. 20 வெற்றி, 62 தோல்வி. இன்னும் மூன்று ஆண்டு நீளும் இரண்டு கெட்ட ஒப்பந்தங்கள். டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வு) ஆள் எடுக்கும் உரிமைகளான பிக்குகளில் பாதி வேறு அணியின் கையில். அப்படி ஓர் அணியை வாங்கிக்கொண்டு விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அணி நடத்தாமல் நிஜ ஆட்டங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கும் பயன்படும். ஜூலை மாதத்தில் ஓர் அணி ஏன் 39 வயது வீரரைக் கூப்பிடுகிறது என்பது புரிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "முதல் மூன்று வருடம் தோற்று இளைஞர்களைச் சேர்ப்போம், பிறகு மூத்த வீரர்களை வாங்குவோம்" என்று வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பந்தைப் பத்திரமாகக் கொண்டுவரும் ஆள் இல்லாத அணியில், எறியத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத அணியில், உங்கள் 19 வயதுப் பையன் நல்ல ஆட்டக்காரனா என்றே உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமலேயே அவனுக்குப் பெரிய ஒப்பந்தம் தரவேண்டிய நாள் வந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நாளை மனத்தில் வைத்து அடுக்கப்பட்டவை.

1. முதல் வாரம்: எதையும் செய்யாமல் நான்கு தாள்களைத் தயார் செய்யுங்கள்

அணி கைக்கு வந்ததும் ட்ரேட் (அணிகளுக்கிடையே வீரர், பிக் பரிமாற்றம்) பேச ஓடாதீர்கள். முதலில் இவை வேண்டும்.

சம்பளத் தாள். ஒவ்வொரு வீரருக்கும் அடுத்த ஐந்து ஆண்டுச் சம்பளம். எந்த ஆண்டு முழு உத்தரவாதம், எது பகுதி உத்தரவாதம், எந்தத் தேதியில் உத்தரவாதமாகிறது, கடைசி ஆண்டு தொடரவேண்டுமா என்று முடிவெடுக்கும் உரிமை (ஆப்ஷன்) அணியுடையதா வீரருடையதா என்று தனித்தனி நிறத்தில் குறியுங்கள். கடைசி ஆண்டு வீரர் ஆப்ஷன் என்றால் அதை உங்கள் பணமாகவே எண்ணுங்கள். சரியாக ஆடாத வீரர் அதை விட்டுப் போகமாட்டார்.

கேப் ஹோல்ட் தாள். ஒப்பந்தம் முடிந்த உங்கள் வீரர்களை நீங்கள் கைவிடும்வரை அவர்கள் பேரில் ஒரு தொகை (ஹோல்ட்) அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். கையெழுத்திடாத முதல் சுற்று டிராஃப்ட் வீரருக்கும் அவர் இடத்துக்குரிய தொகையின் 120% ஹோல்ட் உண்டு. அணியில் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு காலி இடத்துக்கும் புதுமுகக் குறைந்தபட்சச் சம்பளம் சேரும். 2025-26-இல் அது 12.73 லட்சம் டாலர். புதியவர்கள் போடும் "எங்களிடம் 4 கோடி இடம் இருக்கிறது" என்ற கணக்கு தவறிப்போவது இந்த மூன்றில்தான்.

பிக் பேரேடு. உங்கள் பிக், மற்றவர்களிடமிருந்து வரவேண்டிய பிக், நீங்கள் தரவேண்டிய பிக் எல்லாம் ஏழு ஆண்டுக்கு. அதற்குமேல் எதிர்காலப் பிக்கை விற்க விதியில் இடமில்லை. ஒவ்வொன்றின் பாதுகாப்பு நிபந்தனையையும் முழுமையாக எழுதுங்கள்: "முதல் 14-க்குள் விழுந்தால் நமக்கு, இல்லையென்றால் அவர்களுக்கு, கைமாறாவிட்டால் அடுத்த ஆண்டு முதல் 10" என்பதுபோல.

தேதித் தாள். ஜூன் 29: முதல் சுற்று வீரரின் நான்காம் ஆண்டு முடிந்தால், போட்டி ஒப்பந்தத்தைச் சமன் செய்யும் (வேறு அணி தரும் தொகையை நாமே தந்து வீரரை வைத்துக்கொள்ளும்) உரிமைக்காக அளிக்கும் தகுதிச் சலுகையின் கடைசி நாள். ஜூன் 30, கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 6: பிற அணி வீரர்களோடு பேச்சு தொடக்கம். ஜூலை 6 நண்பகல்: பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். அக்டோபர் 31: புதுமுக ஒப்பந்த ஆப்ஷன்களின் கடைசி நாள். டிசம்பர் 15: கோடையில் எடுத்த பெரும்பாலான வீரர்களை ட்ரேட் செய்யத் தொடங்கும் நாள். பிப்ரவரி முதல் வாரம்: ட்ரேட் கெடு. மார்ச் 1: அதன்பின் விடுவிக்கப்படும் வீரர் அந்த ஆண்டு வேறு அணிக்காக பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்று) ஆட முடியாது.

2025-26 சீசனின் அளவுகோல்களையும் இதே தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்: சம்பள உச்சவரம்பு 15.46 கோடி டாலர், அதைத் தாண்டினால் வரி கட்டவேண்டிய சொகுசு வரிக்கோடு 18.79 கோடி, அதற்கும் மேலே ட்ரேட் கட்டுப்பாடுகள் தொடங்கும் கோடான முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி, குறைந்தபட்ச அணிச் சம்பளம் 13.92 கோடி. சீசன் தொடங்கும் நாளில் இந்தக் கடைசித் தொகைக்குக் கீழே இருந்தால், வரி கட்டும் அணிகளிடமிருந்து மற்றவர்களுக்குப் பங்கிடப்படும் பணத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. ஆகவே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டே போவதில் லாபமில்லை. எப்படியும் செலவழிக்கத்தான் வேண்டும். எதற்காகச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

2. எவ்வளவு தோற்க வேண்டும்? லாட்டரிக் கணக்கு

பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில் யாருக்கு முதல் பிக்குகள் என்று குலுக்கலில் தீர்மானிப்பதே லாட்டரி. 14 பந்துகள், அவற்றில் 4 எடுக்கப்படும், மொத்தம் 1001 சேர்க்கைகள், அவற்றில் 1000 பங்கிடப்படும். 2019 டிராஃப்ட்டில் வந்த முறைப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றுபோல 14%. அடுத்து 12.5%, 10.5%, 9% என்று இறங்கும். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டுமே. மற்ற இடங்கள் தோல்வி வரிசைப்படி. லீக் இந்த முறையைத் திருத்தக்கூடும் என்பதால் நீங்கள் தொடங்கும் ஆண்டின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கடைசி அணி முதல் நான்குக்குள் வரும் வாய்ப்பு 52.1%. மீதி 47.9% ஐந்தாம் இடம். அதாவது ஏறக்குறைய இரண்டில் ஒரு முறை ஐந்தாவது பிக்தான். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-இலும் 2024-இலும் லீகிலேயே மோசமான அணியாக இருந்தது. இரண்டு முறையும் ஐந்தாவது பிக். 2025-இல் 17-65 (வெற்றி-தோல்வி) என்று முடித்த யூட்டா ஜாஸும் ஐந்தாவது. அதே குலுக்கலில் 1.8% வாய்ப்பு மட்டுமே வைத்திருந்த டாலஸ் முதல் பிக்கை வென்று கூப்பர் ஃபிளாகை எடுத்தது.

இதை எண்ணாக மாற்றினால், கடைசி அணியின் சராசரி பிக் இடம் சுமார் 3.7. கடைசியிலிருந்து மூன்றாவது அணிக்குச் சுமார் 4.1. வித்தியாசம் அரை இடம்கூட இல்லை. இந்த அரை இடத்துக்காக, உங்கள் பையன்களுக்குப் பந்து கொடுக்கத் தெரிந்த ஒரே கார்டை (பந்தை நடத்தும் ஆட்டக்காரரை) விற்றுவிடாதீர்கள். ஐந்தாறு வெற்றி கூடுதலாக வந்து மூன்றாவதில் நிற்பது நஷ்டமே அல்ல.

நல்ல வீரர்களை வேண்டுமென்றே உட்காரவைக்கும் வழியிலும் அபராதம் இருக்கிறது. நட்சத்திர வீரர்களின் ஓய்வு குறித்த விதியை மீறியதாக 2025 மார்ச்சில் யூட்டாவுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்தடுத்த மீறலுக்குத் தொகை ஏறும்.

3. நான்கு வருடக் கடிகாரத்தை வரையுங்கள்

முதல் சுற்று வீரரின் ஒப்பந்தம்: இரண்டு ஆண்டு உத்தரவாதம், மூன்றாம் நான்காம் ஆண்டுகள் அணியின் ஆப்ஷன். தொகை டிராஃப்ட் இடத்தைப் பொறுத்து முன்பே வகுக்கப்பட்டது. 80% முதல் 120% வரை தரலாம் என்று விதி சொன்னாலும் நடைமுறையில் எல்லோரும் 120% தருகிறார்கள். இதில் பேரம் பேசி வீரரின் ஏஜென்டைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

2021-இன் முதல் பிக் கேட் கன்னிங்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25-இல், நான்காம் ஆண்டில், அவர் சம்பளம் சுமார் 1.39 கோடி டாலர். அடுத்த ஆண்டு புது ஒப்பந்தம் உச்சவரம்பின் 25%-இல் தொடங்கியிருந்தால் 3.87 கோடி. ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-என்.பி.ஏ. அணியில் இடம் பிடித்ததால் அது 30% ஆனது: 4.64 கோடி. ஒரே கோடையில் 3.25 கோடி கூடிவிட்டது. இந்தக் கூடுதல் வருவதற்கு முந்தைய ஆண்டுகள்தான் மூத்த வீரர்களை வாங்க உங்களுக்குக் கிடைக்கும் காலம். டெட்ராய்ட் சரியாக நான்காம் ஆண்டில் வாங்கியது. அதற்கு மேல் தள்ளியிருந்தால் கணக்கு மிக இறுக்கமாகியிருக்கும். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 2023-இல், தன் 2021 டிராஃப்ட் வீரர்களின் மூன்றாம் ஆண்டிலேயே வாங்கிவிட்டது. என்னைக் கேட்டால் மூன்றாம் ஆண்டு என்பேன். வாங்கியவர் சரிப்படாவிட்டால் மாற்ற இன்னோர் ஆண்டு மிச்சம் இருக்கும்.

தாளில் ஒவ்வோர் இளைஞருக்கும் ஒரு கோடு வரையுங்கள். எடுத்த ஆண்டு, இரு ஆப்ஷன் தேதிகள் (மூன்றாம் ஆண்டுக்கானது இரண்டாம் சீசன் தொடங்கும்போதே வந்துவிடும்), ஒப்பந்த நீட்டிப்புக் கெடு, தகுதிச் சலுகை நாள். இரண்டு மூன்று கோடுகள் ஒரே கோடையில் முடிந்தால் அந்தக் கோடைக்கு இப்போதே பெயர் வையுங்கள். அதைத் தாண்டும் மூத்த வீரர் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

4. டிராஃப்ட் இரவு

முதல் ஐந்துக்குள் பிக் இருந்தால் ஆடும் இடத்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். ஏற்கெனவே சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) இருக்கிறார் என்பதற்காகச் சிறந்த சென்டரைத் தாண்டிப்போவது பெரும் பிழை. இன்று இருக்கும் சென்டர் இரண்டு வருடத்தில் இருக்கமாட்டார். 12-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். அங்கே உங்கள் முக்கிய வீரருக்குப் பக்கத்தில் எவர் பொருந்துவார் என்பது பெரிதாகிறது.

கல்லூரியில் ஒரே சீசன் ஆடியவரின் மூன்று புள்ளி எறிதல் விழுக்காட்டை மட்டும் நம்பாதீர்கள். நூற்றுச் சொச்சம் எறிதலில் எண் எங்கு வேண்டுமானாலும் போகும். ஃப்ரீ த்ரோ விழுக்காடு, எத்தனை முறை எறியத் துணிந்தார் என்ற எண்ணிக்கை, இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எறியத் தெரியாத மூவரை ஒரே அணியில் அடுக்குவதுதான் கடைசி இடத்து அணிகளின் நிரந்தர வியாதி. ஒவ்வொருவரும் தனித்தனியாக நல்ல தேர்வாகவே இருப்பார்கள். மூவரும் சேர்ந்து நின்றால் எதிரணி உள்வட்டத்தை அடைத்துக்கொள்ளும்.

பின்வரிசைப் பிக்கை மலிவாக விற்காதீர்கள். ஓக்லஹோமா சிட்டி 2025-இல் பட்டம் வென்றபோது முன்னணியில் இருந்த ஜேலன் வில்லியம்ஸ் 2022-இன் 12-ஆவது பிக். அந்தப் பிக் பால் ஜார்ஜை 2019-இல் கிளிப்பர்ஸுக்கு அனுப்பியபோது கிடைத்தது. அதே ட்ரேடில்தான் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரும் வந்தார். ஹூஸ்டனின் அல்பெரன் ஷென்கூன் 16-ஆவது. லூ டோர்ட்டை யாருமே டிராஃப்ட் செய்யவில்லை.

5. காலி இடத்தை வாடகைக்கு விடுங்கள்

கடைசி இடத்து அணியின் மிகப் பெரிய சொத்து காலியாக இருக்கும் சம்பள இடம். அதை முதல் கோடையிலேயே நடுத்தர வீரர்களுக்கு நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்து நிரப்புகிறவர்கள் பலர். அதற்குப் பதில், மற்ற அணிகள் தள்ளிவிட விரும்பும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கூடவே பிக் கேளுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? ஏப்ரன் கோட்டைத் தாண்டிய அணிகளை. முதல் ஏப்ரனைத் தாண்டியவர்கள் ட்ரேடில் அனுப்பும் சம்பளத்தைவிட அதிகம் வாங்க முடியாது. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டியவர்கள் இரு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, பணமும் அனுப்ப முடியாது. அவர்கள் அவசரம் உங்கள் விலை. 2025 கோடையில் பாஸ்டன், ஜார்ஜ் நியாங்கின் சுமார் 82 லட்சம் டாலர் சம்பளத்தை இறக்க யூட்டாவுக்கு இரண்டு இரண்டாம் சுற்றுப் பிக்குகளைச் சேர்த்துக் கொடுத்தது. யூட்டா திருப்பிக் கொடுத்தது டூ-வே ஒப்பந்தத்தில் (முக்கிய அணிக்கும் அதன் துணை அணிக்கும் மாறிமாறி ஆடுவது) இருந்த ஒருவரை மட்டுமே.

இதே வேலையைத் தொடராகச் செய்யலாம். 2020 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி அல் ஹார்ஃபர்டின் பெரிய ஒப்பந்தத்தை ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து முதல் சுற்றுப் பிக்கோடு வாங்கியது. 2021 ஜூனில் அவரை பாஸ்டனுக்கு அனுப்பி கெம்பா வாக்கரையும் 16-ஆவது பிக்கையும் வாங்கியது. அந்த 16-ஐ ஹூஸ்டனுக்குக் கொடுத்து இன்னும் இரண்டு முதல் சுற்றுப் பிக்குகள். ஹூஸ்டன் அந்த 16-இல் பெற்றவர்தான் ஷென்கூன். ஆக, தொடர் வியாபாரத்தில் பிக்கின் எண்ணிக்கை பெருகும், ஆனால் நல்ல ஆட்டக்காரரே கையைவிட்டுப் போகவும் கூடும். எந்தக் கட்டத்தில் நிறுத்தி ஆளை எடுக்கவேண்டும் என்பதை உங்கள் டிராஃப்ட் பட்டியல் சொல்லவேண்டும்.

பாதுகாப்பு நிபந்தனையில் கவனம். ஹார்ஃபர்டோடு வந்த அந்த ஃபிலடெல்ஃபியா பிக் 2025-இல் முதல் 6-க்குள் விழுந்தால் கைமாறாது என்று இருந்தது. ஃபிலடெல்ஃபியா 24-58 என்று சரிந்து மூன்றாம் பிக்கைப் பெற்றது. ஓக்லஹோமா இன்னும் காத்திருக்க நேர்ந்தது. வாங்கும்போது "இந்தப் பாதுகாப்பு எந்த ஆண்டில் தீர்கிறது, கடைசியில் என்னவாக மாறுகிறது" என்ற இரண்டையும் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கொடுக்கும் பக்கத்தில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. ஸ்டெபியன் விதிப்படி அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுப் பிக் இல்லாத நிலைக்கு அணி போகக் கூடாது. பாதுகாப்போடு கொடுத்த பிக் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிக்கொண்டே போனால், அது எந்த ஆண்டில் கைமாறும் என்று தெரியாததால் அக்கம்பக்கத்து ஆண்டுகளும் கட்டப்பட்டுவிடும். டெட்ராய்ட் 2020-இல் 16-ஆவது இடத்தில் ஐசையா ஸ்டூவர்ட்டைப் பெறக் கொடுத்த பாதுகாக்கப்பட்ட பிக் கடைசியில் கைமாறியது 2025-இல். அதுவரை ஐந்து ஆண்டுகள் அந்த அணியின் முதல் சுற்றுப் பிக்குகளை ட்ரேடில் வைக்கக் கை கட்டப்பட்டிருந்தது. கொடுத்தது ஒரு பிக், முடங்கியது பல.

6. மூத்த வீரர்கள்: யாரை, எப்போது, எந்தத் தாளில்

எல்லாப் பாத்திரங்களையும் ஒரே கோடையில் நிரப்ப வேண்டியதில்லை. வரிசை முக்கியம்.

முதலில் பந்தைப் பத்திரமாகக் கொண்டுவருபவர். இது இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2023-இல் விக்டர் வெம்பன்யாமாவை எடுத்தும் அந்தச் சீசனை, ஃபார்வேர்டான ஜெரமி சோஹனைப் பந்தை நடத்தும் பாயின்ட் கார்டாக ஆடவைத்துத் தொடங்கியது. முடிவு 22-60. அடுத்த கோடையில் 39 வயது கிறிஸ் பாலை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. அவர் 82 ஆட்டமும் ஆடினார். ஹாரிசன் பார்ன்ஸும் 82. அணி 34 வெற்றிக்கு ஏறியது. பட்டம் வெல்ல அல்ல, உயரமான பையனுக்குச் சரியான இடத்தில் சரியான நொடியில் பந்து வந்து சேர என்றுதான் இத்தகைய ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும்.

அடுத்து, சளைக்காமல் எறிபவர். விழுக்காடு நன்றாக இருந்து ஆட்டத்துக்கு மூன்றே முறை எறிபவரை எதிரணி கண்டுகொள்ளாது. எட்டு ஒன்பது முறை எறிபவர் வேண்டும். டெட்ராய்ட் 2024-இல் மாலிக் பீஸ்லியை ஓராண்டு, 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் அந்தச் சீசனில் 319 மூன்று புள்ளி எறிதல்களைக் கூடையில் போட்டார். கன்னிங்ஹாம் உள்ளே நுழைய வழி திறந்தது.

பிறகு, அளவான சம்பளத்துக்கு இரு முனையிலும் ஆடும் ஃபார்வேர்ட். டெட்ராய்ட்டில் அது டோபையஸ் ஹாரிஸ், இரண்டு ஆண்டு 5.2 கோடி. டிம் ஹார்டவே ஜூனியரை அவர்கள் வாங்கிய விதம் ஐந்தாம் படியின் தொடர்ச்சிதான்: டாலஸ் அவரோடு மூன்று இரண்டாம் சுற்றுப் பிக்குகளையும் சேர்த்துக் கொடுத்தது. ஆக, எறிபவரும் வந்தார், கூலியும் வந்தது. 14-68 என்றிருந்த அணி மறு ஆண்டு 44-38. 28 தொடர் தோல்வி கண்ட அதே இளைஞர்கள்தான் பெரும்பாலும். பையன்கள் கெட்டவர்கள் அல்லர், சூழல்தான் கெட்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கடைசி இடத்தில் நிற்கும்போது பையன்களை அவசரப்பட்டு விற்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தத்தின் வடிவம், தொகையைவிட முக்கியம். அதிக தொகை, குறைந்த ஆண்டு என்பதே கடைசி இடத்து அணிக்கு ஏற்ற பேரம். தோற்கும் ஊருக்கு வரச் சொல்கிறீர்கள். கூடுதல் கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கூடுதலை ஆண்டுத் தொகையில் கொடுங்கள், ஆண்டுகளில் கொடுக்காதீர்கள். ஹூஸ்டன் 2023-இல் ஃபிரெட் வான்விலீட்டுக்குத் தந்தது மூன்று ஆண்டு, சுமார் 12.85 கோடி. அன்று பலருக்கு அது மிகை. ஆனால் மூன்றாம் ஆண்டின் 4.49 கோடி அணியின் ஆப்ஷன். 2025 ஜூனில் அணி அதை எடுக்காமல், இரண்டு ஆண்டு 5 கோடிக்குப் புது ஒப்பந்தம் போட்டது. டில்லன் புரூக்ஸின் ஒப்பந்தமோ நான்கு ஆண்டு நீளம், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் சம்பளம். அதனால்தான் 2025-இல் கெவின் டுராண்டை வாங்கிய ட்ரேடில் எளிதாகச் சேர்க்க முடிந்தது. ஹூஸ்டனின் கணக்கு: 22-60, பிறகு 41-41, பிறகு 52-30.

கையெழுத்துக்கு முன் பார்க்கவேண்டிய வரிகள்: கடைசி ஆண்டு ஆப்ஷன் யாருடையது (மூத்தவருக்கு வீரர் ஆப்ஷன் வேண்டாம்), ட்ரேட் ஆனால் கூடும் தொகை உண்டா (15% வரை போகும், விற்கும்போது உங்களைக் கடிக்கும்), சம்பளம் ஏறுமா இறங்குமா (வேறு அணி வீரருக்கு ஆண்டுக்கு 5% வரைதான் ஏற்றமும் இறக்கமும்).

இடம் இருக்கிறதா இல்லையா என்பதிலும் ஒரு பொறி. உச்சவரம்புக்குக் கீழே இறங்கி இடத்தைப் பயன்படுத்தினால், வரம்புக்கு மேலே நிற்கும் அணிகளும் வீரரை எடுக்க விதி தரும் 1.41 கோடி டாலர் மிட்-லெவல் சலுகையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் 51 லட்சம் சலுகையும் போய்விடும்; பதிலுக்கு 87.8 லட்சம் சலுகை ஒன்றுதான் கிடைக்கும். 2025-26 எண்களில் உங்கள் காலி இடம் சுமார் 1.05 கோடிக்குக் குறைவு என்றால் இறங்குவதில் பயனில்லை. மேலே நின்றபடியே சலுகைகளால் வாங்குங்கள்; உங்கள் சொந்த வீரர்களின் ஹோல்ட்களையும் கைவிட வேண்டியதில்லை.

ஜூன் 30-க்கு முன் ஏஜென்டிடம் வாய்திறக்காதீர்கள். ஜேலன் பிரன்சனை எடுத்த விவகாரத்தில் முன்கூட்டியே பேசியதற்காக நியூயார்க் நிக்ஸ் 2025-இன் இரண்டாம் சுற்றுப் பிக்கை இழந்தது. பேச்சு தொடங்கியதும், எத்தனை நிமிடம், ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஆடுவாரா, முதல் ஐவரில் இருப்பாரா என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இளைஞருக்காக நிமிடத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்காத மூத்தவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

7. கடைசி மூன்று இருக்கைகள்

15 முழு ஒப்பந்தம், 3 டூ-வே. டூ-வே வீரர் 50 ஆட்டம் வரை அணியோடு இருக்கலாம். 2025-26-இல் சம்பளம் 6.36 லட்சம் டாலர், உச்சவரம்பில் சேராது. நான்காண்டு அனுபவத்துக்குக் குறைந்தவர்கள்தான் தகுதி. பிளேஆஃபில் ஆட முடியாது. டோர்ட் தொடங்கியது இந்த வாசலில்தான், ஆகவே மூன்றையும் நிரப்பி வையுங்கள்.

15-ஆவது இருக்கையைக் காலியாக விடுவது கடைசி இடத்து அணிக்கு நல்ல பழக்கம். பிப்ரவரியில் ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்க இடம் வேண்டும். பத்து நாள் ஒப்பந்தங்கள் ஜனவரி 5 முதல் கிடைக்கும். 14-ஆவதில் பத்தாண்டு அனுபவக்காரர் ஒருவரை ஓராண்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தில் வையுங்கள். 2025-26 கணக்கில் அவருக்குக் கிடைப்பது 36.3 லட்சம், உங்கள் கணக்கில் ஏறுவது 23 லட்சம் மட்டுமே, மீதியை லீக் தரும். உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம் இருந்தால் ஜனவரி 7-க்குள் விடுவியுங்கள். தவறினால் முழுச் சீசன் பணமும் உங்கள் தலையில்.

8. பிப்ரவரி

டிசம்பர் 15-இலிருந்து கெடு வரை ஏழெட்டு வாரம்தான். கோடையில் எடுத்த மூத்தவரை விற்பதா வைத்துக்கொள்வதா? என் அளவுகோல்: உங்கள் முக்கிய இளைஞரோடு அவர் சேர்ந்து ஆடும் நிமிடங்களில் அணி மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு இரண்டாம் சுற்றுப் பிக்குக்காக விற்காதீர்கள். இல்லையென்றால் முதல் நல்ல விலைக்கே விட்டுவிடுங்கள். கெடு நாளன்று விலை ஏறும் என்று காத்திருப்பவரிடம் கடைசியில் பொருள்தான் மிஞ்சும். விற்க முடியாதவரைப் பணம் குறைத்து விடுவிக்கும் பேச்சு பிப்ரவரி முடிவதற்குள் முடியவேண்டும், மார்ச் 1 தாண்டினால் அவருக்கும் பயனில்லை.

9. நீட்டிப்பா, காத்திருப்பா

முதல் சுற்று வீரரின் மூன்றாம் சீசன் முடிந்த ஜூலையிலிருந்து நான்காம் சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை நீட்டிப்புக்கு நேரம். ஹூஸ்டன் 2024 அக்டோபரில் ஷென்கூனுக்கு ஐந்து ஆண்டு 18.5 கோடியும் ஜேலன் கிரீனுக்கு மூன்று ஆண்டு 10.6 கோடியும் தந்தது. இரண்டும் உச்சத் தொகைக்குக் கீழே. கிரீன் பற்றி முழு நம்பிக்கை இல்லாதபோது குறைந்த ஆண்டு கொடுத்தது பிறகு உதவியது; அவர் ஒப்பந்தமும் டுராண்ட் ட்ரேடில் போய்ச் சேர்ந்தது.

காத்திருக்கவும் ஒரு நல்ல காரணம் உண்டு: கேப் ஹோல்ட். 21-ஆவது பிக்காக வந்த டைரீஸ் மாக்சிக்கு ஃபிலடெல்ஃபியா 2023-இல் நீட்டிப்புத் தரவில்லை. 2024 கோடையில் அவர் ஹோல்ட் சுமார் 1.3 கோடி மட்டுமே; உச்சத் தொகையோ 3.5 கோடி. இடைப்பட்ட 2.2 கோடி இடத்தில் மற்ற வீரர்களை முதலில் வாங்கிவிட்டு, பிறகு மாக்சியோடு ஐந்து ஆண்டு 20.4 கோடிக்குக் கையெழுத்திட்டது. பின்வரிசைப் பிக்குகளுக்குச் சம்பளம் குறைவு, ஆகவே ஹோல்டும் குறைவு. இந்த வழி அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஆனால் வீரர் ஓராண்டு பொறுக்கச் சம்மதிக்க வேண்டும். ஏஜென்டிடம் முன்பே முகத்துக்கு நேரே பேசி, அடுத்த கோடையில் என்ன தருவீர்கள் என்பதைப் புரியவைத்துவிட்டுத்தான் இதில் இறங்குங்கள். ஜூன் 29-க்குள் தகுதிச் சலுகைத் தாளை அனுப்ப மறந்தால், போட்டி ஒப்பந்தத்தைச் சமன் செய்யும் உரிமை போய், நான்கு ஆண்டு வளர்த்த பையன் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தத் தேதியை இன்றே தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள்.